கேமரா கேள்வி–பதில்: ரேஞ்ச்ஃபைண்டருக்கு எந்தக் கைப்பிடி?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கு, அதாவது இரண்டு சாளரங்கள் காட்டும் பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமராக்களுக்கு, கைப்பிடி வாங்குவதைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: லைக்கா எம்10 கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கி, 35 மி.மீ., 50 மி.மீ. லென்ஸ்களுடன் பயன்படுத்தி வருகிறேன். காலை முழுவதும் தெருக்களில் நடந்து படமெடுக்கும்போது வியர்வையில் கேமரா நழுவுகிறது. வீடு திரும்பும் நேரத்தில் வலக்கையின் கட்டைவிரல் அடிப்பகுதி வலிக்கிறது. அடித்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தும் கைப்பிடி, ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் பொருத்தும் இடம்) செருகும் தம்ப் ரெஸ்ட் (கட்டைவிரல் தாங்கி), தோலாலான அரையுறை ஆகிய மூன்றில் எதை வாங்கலாம்?
— வாசகர், சென்னை

பதில்: ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் தம்ப் ரெஸ்ட்டை வாங்குங்கள். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு வலி வருவது கட்டைவிரலின் அடியில்; மற்ற விரல்களிலோ மணிக்கட்டிலோ அன்று.

லைக்காவின் உடல் முன்னும் பின்னும் தட்டையாக இருப்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. ஓஸ்கார் பார்னாக் வடிவமைத்து 1925-இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா, எங்கும் எளிதாக எடுத்துச் செல்லத்தக்க சிறு கேமராவாகவே உருவாக்கப்பட்டது; 1954-இல் வந்த எம்3-உம் அதன் வழிவந்தவைகளும் அந்த உருண்ட ஓரங்களையும் மேடில்லாத முகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டன. ஆனால் அந்த எம் வரிசை ஃபிலிம் கேமராக்களின் மேல் ஃபிலிமை நகர்த்தும் லீவர் ஒன்று இருந்தது. படமெடுக்கத் தயாராகும்போது அதைச் சற்று வெளியே இழுத்து வைத்து, லீவருக்கும் உடலுக்கும் இடைப்பட்ட மூலையில் கட்டைவிரலைக் கொளுவிக்கொண்டால், கேமரா கையில் தொங்குமே தவிர நழுவாது. 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1, டிஜிட்டல் கேமராவாக இருந்தும் ஷட்டரை ஏற்றுவதற்கென்று அந்த லீவரை விடாமல் வைத்திருந்தது. 2006-இல் லைக்கா எம்8 வந்தபோது லீவர் போயிற்று. கட்டைவிரல் பற்றியிருந்த இடமும் அதோடு போயிற்று. அதன் பிறகுதான் தம்ப் ரெஸ்ட் என்ற பொருளுக்கே பெரிய தேவை ஏற்பட்டது.

லீவர் இல்லாத உடலை ஒரு கையில் பிடித்தபடி நடக்கும்போது, முன்புறம் மூன்று விரல்களும் பின்புறம் கட்டைவிரலும் கேமராவை இடுக்கிபோல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எம்10-இன் எடை பேட்டரியோடு சுமார் 660 கிராம், 35 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால் 900 கிராமைத் தாண்டும். அந்த எடையை அழுத்தத்தால் மட்டுமே தாங்கும் தசை கட்டைவிரலின் அடியில் இருக்கிறது. தம்ப் ரெஸ்ட் அந்த அழுத்தத்தைக் கொளுவலாக மாற்றிவிடுவதால் தசைக்கு வேலை குறைகிறது. வியர்வையில் நழுவும் பயமும் பெருமளவு குறையும்.

வாங்கும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதலாவதாக, எம்10-க்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பின்புறத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சிறு சக்கரம் இருப்பதால், வேறு மாடலுக்குச் செய்தது அந்தச் சக்கரத்தை மறைத்துவிடலாம். இரண்டாவதாக, ஹாட் ஷூவில் அது ஆடக் கூடாது. ஆடுவது ஒருநாள் தெருவில் விழுந்து காணாமல் போகும். விழாமல் ஆடிக்கொண்டே இருந்தாலும் ஷூவின் தண்டவாளங்களைத் தேய்த்துவிடும். மூன்றாவதாக, ஃபிளாஷோ விஸோஃப்ளெக்ஸ் என்ற எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரோ அடிக்கடி பொருத்துபவர் என்றால், ஹாட் ஷூவை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வராது. அப்போதுதான் முன்புறக் கைப்பிடியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முன்புறக் கைப்பிடி நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் ஒரு மேட்டைக் கொடுக்கிறது. எம்10-இல் பேட்டரியும் மெமரி கார்டும் அடித்தட்டுக்கு உள்ளே இருக்கின்றன. அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பூட்டும் கைப்பிடி என்றால், பேட்டரி மாற்றுவதற்கு வழக்கமாகச் செய்வதைத் தவிர வேறு வேலை எதுவும் சேராது. அதற்கு மாறாக, அசல் தட்டின் மேல் ட்ரைபாட் திருகால் இறுக்கும் வகையை வாங்கினால், ஒவ்வொரு முறையும் முதலில் கைப்பிடி, பிறகு தட்டு என்று இரண்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது கைக்குத் திண்டாடுவீர்கள். முந்தைய மாடலான எம் டைப் 240-க்கான தட்டு எம்10-க்குச் சேராது என்பதையும் மறந்துவிட வேண்டாம். முன்னதன் உடல் 42 மி.மீ. கனம், உங்களுடையது 38.5 மி.மீ. தட்டு சரியாகப் பூட்டாவிட்டால் கேமராவும் அதை உணர்ந்து எச்சரிக்கை காட்டி நின்றுவிடும்.

தோல் அரையுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைக்கு இதமாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையின் புழுக்கத்தில் வியர்வையை உறிஞ்சிய தோல், உலோக உடலோடு ஒட்டியபடி அலமாரிக்குள் கிடப்பது பூஞ்சணத்துக்கு நாமே பாய் விரிப்பதாகும். ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்கள் இரவில் கேமராவை அதிலிருந்து எடுத்துத் தனியே உலரவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. படமெடுக்கும் கணத்தில் கேமராவின் எடை வலக்கையில் இருக்கவே கூடாது. இடக்கை உள்ளங்கை கேமராவின் அடியிலும், அதன் கட்டைவிரலும் சுட்டுவிரலும் லென்ஸின் ஃபோகஸ் வளையத்திலும் இருக்க, இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருந்தால், வலக்கைக்கு ஷட்டரை மெதுவாக அழுத்துவது மட்டுமே வேலை. எந்தக் கைப்பிடியாலும் இதற்கு ஈடு செய்ய முடியாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஃபிலிம் கேமராவான லைக்கா எம்6. கோவில் திருவிழாக்களில் கூட்டத்துக்கு நடுவே நின்று எடுப்பதால் முன்புறக் கைப்பிடி பொருத்தலாம் என்று நினைக்கிறேன். ஃபிலிம் மாற்றும்போது அது தொல்லை தருமா?
— வாசகர், மதுரை

பதில்: தரும். எவ்வளவு தரும் என்பது கைப்பிடியின் வகையைப் பொறுத்தது. எம்6-இல் ஃபிலிம் கீழ்வழியாக ஏற்றப்படுகிறது. அடித்தட்டின் ஒரு முனையில் உள்ள மடக்குச் சாவியைத் திருப்பித் தட்டைக் கழற்றினால்தான் ரோலை எடுக்க முடியும். ட்ரைபாட் துளையில் இறுக்கும் கைப்பிடிகள் பல தட்டின் முழு நீளத்துக்கும் பரவி, அந்தச் சாவியையே மூடிவிடுகின்றன. சப்பரம் நகரும் நேரத்தில் 36-ஆவது படம் முடிந்து, திருகைக் கழற்ற நாணயம் தேடுவதை நினைத்துப் பாருங்கள். ஆகவே சாவியின் இடத்தில் வெட்டுவிட்டுச் செய்த கைப்பிடி, அல்லது அடித்தட்டுக்குப் பதிலாகவே பூட்டும் கைப்பிடி, இவை இரண்டில் ஒன்றையே பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃபிலிம் எம் கேமராக்களில் ட்ரைபாட் துளை உடலில் இல்லை. மெல்லிய அடித்தட்டில், அதுவும் நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கிறது. கனமான கைப்பிடியைப் பிடித்துக் கேமராவை ஓயாமல் தூக்கும்போது அந்த இழுப்பு முழுவதும் தட்டின் கொக்கியிலும் பூட்டிலும் விழுகிறது. கூட்டத்தில் இடிபடும் உங்களைப் போன்றவர்களுக்கு இது சிறிய விஷயமன்று.

ஆனால் உங்களிடம் லீவர் இருக்கிறதே! அதை உடலோடு ஒட்டித் தள்ளாமல் சற்று வெளியே நிறுத்திக் கட்டைவிரலைக் கொளுவிப் பழகுங்கள். அதோடு வலப்புற வளையத்தில் ஒரு ரிஸ்ட் ஸ்ட்ராப்பைக் கட்டி, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டால் திருவிழாக் கூட்டத்துக்கு அதுவே போதும். கைப்பிடி வாங்கும் பணத்தில் பத்து ரோல் ஃபிலிமாவது வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். ஹாட் ஷூவில் செருகும் தம்ப் ரெஸ்ட் உங்களுக்கு வேண்டாம். லீவர் சுற்றும் பாதையில் அது குறுக்கே நிற்கக்கூடும்.

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற கீவ் 4 கேமரா இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பிடித்துக்கொண்டு ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரில் தெரிய வேண்டிய இரட்டைப் பிம்பம் அடிக்கடி மறைந்துபோகிறது. கைப்பிடி பொருத்தினால் சரியாகுமா?
— வாசகர், திருச்சி

பதில்: சரியாகாது, இன்னும் மோசமாகலாம். கேமராவில் பழுது எதுவும் இல்லை. உங்கள் விரல்தான் ரேஞ்ச்ஃபைண்டரின் சாளரத்தை மறைக்கிறது.

கீவ் 4-இன் மூதாதை 1936-இல் வந்த ஜெர்மானியக் கான்டாக்ஸ் 2. போருக்குப் பின் கான்டாக்ஸ் தயாரிப்புக்கான இயந்திரங்களும் பாகங்களும் இழப்பீடாகச் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்று, கீவ் நகரின் ஆர்சனல் ஆலையில் கீவ் கேமராக்களாக உருவெடுத்தன. ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம், பொருளைப் பார்க்கும் இரண்டு சாளரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது. கான்டாக்ஸை வடிவமைத்தவர்கள் அந்தத் தூரத்தை 90 மி.மீ. அளவுக்கு நீட்டினார்கள். அதனால் இரண்டாவது சாளரம் கேமராவின் வலக்கோடிக்குப் போய்விட்டது. சாதாரணமாக எல்லோரும் வலக்கையின் நடுவிரலை வைக்கும் இடம் அது. முன்புறத்தில் ஒரு மேடு வைத்தால் விரல்கள் அதைச் சுற்றி இன்னும் மேலேறிச் சாளரத்தை முழுவதுமாக மூடிவிடும்.

கேமராவின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். பின்கதவைக் கழற்றுவதற்கான இரண்டு மடக்குச் சாவிகள் அங்கேதான் இருக்கின்றன. ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவதற்கான பொத்தானும் அங்கேதான். தட்டு வடிவில் எதைப் பொருத்தினாலும் இவற்றில் ஏதாவதொன்று மறையும்.

இந்தக் கேமராவுக்கென்று ஒரு பிடிமுறை உண்டு. சுட்டுவிரலை ஷட்டர் பொத்தானில் வையுங்கள். நடுவிரலின் நுனியை அதற்கு முன்னாலுள்ள பல்சக்கரத்தில் வைத்து ஃபோகஸைத் திருப்புங்கள். மற்ற இரு விரல்களையும் நன்றாகக் கீழே மடித்து உடலின் கீழ்ப்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாளரம் அப்போது திறந்தே இருக்கும். முதலில் கை வணங்காது. ஒரு ரோல் முடிவதற்குள் பழகிவிடும். பாதுகாப்புக்குக் கழுத்து ஸ்ட்ராப்பைக் குட்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள். பணம் எதுவும் செலவிட வேண்டாம்.

கேள்வி: ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ப்ரோ2 கேமராவுக்கு உலோகக் கைப்பிடி வாங்கலாமா? எக்ஸ்-ப்ரோ1 வைத்திருக்கும் நண்பர் வேண்டாம் என்கிறார்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இது இயந்திர ரேஞ்ச்ஃபைண்டர் அன்று; உருவத்தில் மட்டுமே உறவு. ஆனாலும் கேள்வி ஒன்றுதான். உங்கள் நண்பர் அவர் பட்ட பாட்டைச் சொல்கிறார். 2012-இல் வந்த எக்ஸ்-ப்ரோ1-க்கு அந்நிறுவனமே விற்ற கைப்பிடி பேட்டரிக் கதவை மூடிவிடும். பேட்டரி விரைவில் தீர்ந்துவிடும் கேமராவுக்கு அது பெரும் குறை. எக்ஸ்-ப்ரோ2-க்கான எம்எச்ஜி கைப்பிடியில் அந்தக் கதவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதன் அடி, ஆர்க்கா வகை ட்ரைபாட் தலையில் நேராகப் பூட்டும்படியும் அமைந்திருக்கிறது. உங்கள் கேமராவின் முகத்தில் ஏற்கெனவே ஒரு சிறு மேடு இருக்கிறது. 23, 35 மி.மீ. போன்ற சிறு லென்ஸ்களே போதும் என்றால் அந்த மேடே போதுமானது. கனமான லென்ஸ்களோ ட்ரைபாட் வேலையோ இருந்தால் தயங்காமல் வாங்குங்கள்.

கேள்வி: யாஷிகா எலெக்ட்ரோ 35 கேமராவுக்குக் கடையில் கைப்பிடி எதுவும் கிடைக்கவில்லை. எனக்குச் சிறிது தச்சுவேலை தெரியும். மரத்தில் நானே செய்துகொள்ளலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் கைக்கென்று அளவெடுத்துச் செய்வதைக் கடைச் சரக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் மரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை அட்டைக்கும் களிமண்ணுக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் அட்டை. கேமராவின் அடிப்பக்கத்தின் மேல் ஒரு தடித்த அட்டையை வைத்து அதன் வடிவத்தை வரைந்து வெட்டுங்கள். எலெக்ட்ரோ 35-இன் அடியில் ட்ரைபாட் துளை மட்டுமல்லாமல், நாணயத்தால் திறக்கும் பேட்டரி மூடியும் ஃபிலிமைத் திரும்பச் சுற்றுவதற்கான பொத்தானும் இருக்கின்றன. மூன்றின் இடங்களையும் அட்டையில் குறித்துத் துளையிடுங்கள். இந்தக் கேமராவின் ஷட்டர் நேரத்தைக் கணக்கிடுவது மின்சுற்றுதான் என்பதால், பேட்டரி இல்லாமல் அது சரியாக இயங்காது. மூடியை மறைத்துவிட்டு வெளியூர் போனால் வருந்த நேரிடும். பொத்தானுக்கான துளை, சுண்டுவிரல் நுனி இறங்கும் அளவுக்காவது அகலமாக இருக்க வேண்டும்.

பிறகு களிமண். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் களிமண் போதும். கேமராவின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளைச் சுற்றி, முன்புறத்தில் வலக்கை விரல்கள் படும் இடத்தில் ஒரு எலுமிச்சம்பழ அளவு மண்ணை அப்புங்கள். கண்ணில் வைத்துப் படமெடுப்பதுபோல இயல்பாகப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம். விரல்களை எடுத்துப் பார்த்தால் நடுவிரலின் பள்ளம் ஆழமாகவும், மோதிர விரலின் பள்ளம் அதைவிடக் குறைவாகவும், சுண்டுவிரலின் தடம் பெரும்பாலும் கீழ் விளிம்பில் அரைகுறையாகவும் தெரியும். அந்தச் சுண்டுவிரல்தான் சிறிய கேமராக்களில் எப்போதும் இடமில்லாமல் அந்தரத்தில் நிற்பது. கைப்பிடியின் அடித்தட்டை முன்பக்கம் சற்றே நீட்டிவிட்டால் அது அடியில் மடங்கி உட்கார்ந்துகொள்ளும். இப்போது மண்ணை அப்படியே வைத்துக்கொண்டு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். லென்ஸுக்கும் மேட்டுக்கும் நடுவே விரல் புகும் இடைவெளி இல்லையென்றால் மேட்டைக் குறையுங்கள். முகப்புச் சாளரங்களில் எதையும் விரல் மறைக்கவில்லை என்பதையும் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மரத்துக்குத் தேக்கு நல்லது. ஈரத்துக்கு எளிதில் வளையாது, இழைக்கவும் வாகானது. வார்னிஷ் பளபளவென்று ஏற்ற வேண்டாம், வியர்வை பட்டால் அது வழுக்கும். எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் போதும். மரத்துக்கும் கேமராவுக்கும் இடையே மெல்லிய ஃபெல்ட் துணியோ ரப்பர் தாளோ ஒட்டுங்கள். திருகு கால் அங்குல அளவுடையதாக இருக்கட்டும். அது தட்டுக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் கவனம் முழுவதும் வேண்டும். துளையின் ஆழத்தைத் தீக்குச்சியால் அளந்து, திருகின் முனை அதைவிடக் குறைவாக நிற்கும்படி செய்யுங்கள். நீளமான திருகை முறுக்கினால் அது துளையின் அடியில் முட்டி, துளையையே பெயர்த்துவிடும். விரல்களால் இறுக்குவது போதும், திருப்புளி வேண்டாம்.

கேள்வி: எனக்கு விரல் மூட்டுகளில் வலி உண்டு. சில வேளைகளில் நண்பரின் 50 மி.மீ. எஃப்/0.95 நோக்டிலக்ஸ் லென்ஸை வாங்கி என்னுடைய எம்10-இல் பொருத்துகிறேன். கைப்பிடியோடு விரல் வளையமும் வாங்க வேண்டுமா, ரிஸ்ட் ஸ்ட்ராப் போதுமா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: முன்புறக் கைப்பிடி உண்மையிலேயே தேவைப்படுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். அந்த லென்ஸ் மட்டும் 700 கிராம், அதாவது கேமராவை விட அதிக எடை. சிறு லென்ஸ்கள் இருக்கும்போது எடையின் மையம் ஏறக்குறைய உடலுக்குள்ளேயே விழும். நோக்டிலக்ஸைப் பொருத்தியதும் அது உடலைவிட்டு முன்னே போய்விடுகிறது. கேமரா எந்நேரமும் மூக்கைக் கீழே சாய்க்கப் பார்க்கிறது. அதைத் தடுக்க விரல் நுனிகள் முன்புறத்தை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூட்டுவலிக்கு இதைவிடக் கெடுதலான வேலை இல்லை. மேடான கைப்பிடி இருந்தால் அந்தப் பாரம் விரல் நுனியிலிருந்து விரலின் நடுப்பகுதிக்கும் உள்ளங்கைக்கும் நகரும்.

லைக்காவின் கைப்பிடியில் பொருத்தும் விரல் வளையம் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகளில் தனியே விற்கப்படுகிறது. விரல் அதற்குள் இருந்தால் கையைத் தளர்த்தினாலும் கேமரா விழாது. ஆனால் உங்கள் நிலையில் நான் சற்றுத் தயங்குவேன். வெயிலில் நெடுநேரம் நடந்தால் விரல்கள் தடிக்கும். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் வளையத்திலிருந்து விரலை அவசரமாக எடுக்க முடியாமல் போகலாம். வாங்கத்தான் வேண்டுமென்றால் காலையில் அன்று, மாலையில் கடைக்குச் சென்று, வீங்கிய விரலுக்குப் பொருந்தும் அளவை எடுங்கள். என் தேர்வு கைப்பிடியும் அகலமான ரிஸ்ட் ஸ்ட்ராப்பும்தான். நண்பரின் லென்ஸ் இருக்கும் நாளில் நடக்கும்போது கேமராவை வலக்கையில் தொங்கவிடாமல், இடக்கையால் லென்ஸின் அடியைத் தாங்கியபடி செல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் எம் கேமராக்களுக்கு அசலின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கைப்பிடிகளும் தம்ப் ரெஸ்ட்களும் விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: தம்ப் ரெஸ்ட்டில் விலை குறைந்தவற்றுள்ளும் நல்லவை இருக்கின்றன. செருகும் பகுதியின் கீழ்முகம் பூச்சில்லாத வெறும் உலோகமாக இருந்தால் மட்டும் வேண்டாம். அது ஹாட் ஷூவின் மின்முனைகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். ட்ரைபாட் துளையில் இறுக்கும் கைப்பிடிகளில் திருகின் நீளத்தையும், கேமராவைத் தொடும் பக்கத்தில் ரப்பர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எம்11 வைத்திருப்பவர்களுக்குக் கழற்றும் அடித்தட்டே கிடையாது. பேட்டரி நேராக அடியிலிருந்து வெளியே வருகிறது, யுஎஸ்பி-சி துளையும் அடியிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்கலாம். அடித்தட்டுக்குப் பதிலாகப் பூட்டும் வகையில் மட்டும் மலிவு வேண்டாம். கொக்கியும் பூட்டும் ஒரு மயிரிழை தவறினாலும், எம்8 முதல் எம்10 வரையிலான கேமராக்கள் தட்டு இல்லையென்றே எடுத்துக்கொள்ளும். அதைத் திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்பதை விற்பவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.